தோட்ட ரயிலுக்கு மின்சாரம்: தண்டவாளத்திலிருந்தா, பேட்டரியிலிருந்தா?

தோட்டத்தில் ஜி ஸ்கேல் ரயில் (தோட்டத்தில் ஓட்டக்கூடிய பெரிய அளவு மாதிரி ரயில்) ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகளில், "எஞ்சினைப் பேட்டரிக்கு மாற்றிவிடலாமா?" என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. கேட்பவருடைய பாதை எவ்வளவு நீளம், எத்தனை எஞ்சின் வைத்திருக்கிறார், அவற்றின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியாமல் "மாற்றிவிடுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்வது சரியாகாது. பேட்டரிக்கு மாறியவர்களில் பலர் பழைய முறைக்குத் திரும்புவதே இல்லை. அதே சமயம் மாறத் தேவையே இல்லாத ஒருவர், ஆர்வத்தில் நல்ல எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தவிப்பதும் நடக்கிறது. இருவருக்கும் பயன்படும்படி இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இந்த அளவு மாதிரி ரயில்களைப் பரவலாக்கியது நியூரம்பெர்க் நகரத்து லேமான் நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த எல்.ஜி.பி. தொகுப்பு. தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. அகலம், திடமான பித்தளைத் தண்டவாளம், இரண்டு தண்டவாளங்கள் வழியாக நேர்மின்னோட்டம் என்ற அமைப்பு அன்றிலிருந்து தொடர்கிறது. நீலகிரி மலை ரயில் போன்ற மீட்டர் கேஜ் பாதைகளை 45 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 1:22.5 என்ற விகிதம் வரும், எல்.ஜி.பி. எடுத்துக்கொண்டதும் அதுதான். பின்னர் வந்த அமெரிக்க நிறுவனங்கள் அதே தண்டவாளத்தில் 1:29, 1:20.3 என்ற விகிதங்களிலும் எஞ்சின்களைச் செய்தன. அவற்றில் பெரியவை அரை மீட்டருக்கும் மேல் நீளமானவை. அந்த உள்ளிடத்தால்தான் பேட்டரி என்ற எண்ணமே சாத்தியமாகிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது செலவு எந்தத் திசையில் வளர்கிறது என்பது. தண்டவாள மின்சாரத்தில் செலவும் உழைப்பும் பாதையின் நீளத்தோடு வளர்கின்றன: கூடுதலாகப் போடும் ஒவ்வொரு மீட்டரும் துடைக்க வேண்டிய மீட்டர், ஒவ்வொரு இணைப்பும் ஒருநாள் மின்சாரம் கடத்தாமல் போகக்கூடிய இணைப்பு. பேட்டரியில் செலவு எஞ்சின்களின் எண்ணிக்கையோடு வளர்கிறது: ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பேட்டரித் தொகுதி, ரேடியோக் கட்டளையை வாங்கும் ஒரு ரிசீவர், சில மணி நேர வேலை, சில ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு பேட்டரித் தொகுதி. நீளமான பாதையும் மூன்று எஞ்சின்களும் வைத்திருப்பவருக்கும், குட்டையான பாதையும் அலமாரி நிறைய எஞ்சின்களும் வைத்திருப்பவருக்கும் ஒரே விடை பொருந்தாததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது அளவுகோல், உங்கள் எஞ்சின் உண்மையில் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்பது. இதை ஊகிக்க வேண்டாம். மின்வழங்கிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஓர் ஆம்பியர் மீட்டரை வைத்து, வழக்கமாக இழுக்கும் பெட்டிகளோடு ஏற்றத்திலும் சமதளத்திலும் ஓட்டிப் பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை மோட்டார் வைத்த சிறிய எஞ்சின் இரண்டு பெட்டிகளோடு ஓடும்போது பெரும்பாலும் 1 ஆம்பியருக்குக் கீழேயே இருக்கும். இரட்டை மோட்டார் டீசல் எஞ்சின் நீண்ட வண்டியை மேட்டில் இழுத்தால் 2 ஆம்பியரைத் தாண்டுவது சாதாரணம். சராசரி 0.6 ஆம்பியர் என்றால், 3,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 80 விழுக்காடு வரை மட்டும் பயன்படுத்தினாலும் 4 மணி நேரம் ஓடும். சராசரி 2 ஆம்பியர் என்றால் அதே பேட்டரி 1 மணி 12 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். அளந்து பார்த்த பிறகு பலருடைய திட்டம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

எஞ்சினுக்குள் உள்ள இடம், உங்கள் சால்டரிங் பழக்கம், பாதையை வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பவை மற்ற அளவுகோல்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் நண்பர் ஒருவர் நிஜ நீராவியில் ஓடும் எஞ்சின் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய எஞ்சின்களில் பலவற்றுக்குச் சக்கரங்கள் காப்பிடப்படாதவை. இரு தண்டவாளங்களையும் அவை நேரடியாக இணைத்துவிடுவதால், மின்சாரம் பாயும் பாதையில் வைத்த உடனே ஷார்ட் ஆகும். ஓடும்போது சிந்தும் எண்ணெயும் தண்டவாளத்தில் படலமாகப் படியும். நீராவி எஞ்சின்களோடு பாதையைப் பகிர்பவர்கள் பேட்டரியின் பக்கம் போவது ஏறக்குறையத் தவிர்க்க முடியாதது.

## முதல் வழி: தண்டவாள மின்சாரத்திலேயே தொடர்வது

பித்தளை திறந்தவெளியில் கறுக்கும். அந்தக் கறுத்த படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதன் மேல் மரப்பிசினும் நத்தை ஊர்ந்த தடமும் மழைக்குப் பின் ஒட்டிய மண்ணும் சேர்கின்றன. எஞ்சின் திக்கித் திக்கிப் போவதற்கு இதுவே முதல் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி வேளைகளில் உண்மையான குற்றவாளி தண்டவாள இணைப்புகள்தான். தண்டவாளம் கனமானது, அதனால் மின்னழுத்த இழப்பு அதில் குறைவு. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மின்சாரம் தாவும் அந்தச் சின்னத் தகட்டில்தான் துருவும் தளர்வும் உண்டாகின்றன. ஆகவே பேட்டரியைப் பற்றி யோசிக்கும் முன், இணைப்புத் தகடுகளை எடுத்துவிட்டுத் திருகு வைத்த இறுக்கிகளைப் போட்டுப் பாருங்கள். நீளமான பாதையாக இருந்தால் கனமான வயரை மண்ணுக்கடியில் ஓடவிட்டுப் பல இடங்களில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுங்கள். இதற்கும் பணம் ஆகும், குறிப்பாக இறுக்கிகளின் விலை நீளமான பாதையில் கணிசமாகச் சேரும். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் பல ஆண்டுகளுக்குத் தொல்லை இல்லை.

எவர்சில்வர் தண்டவாளம் பித்தளையைப் போலக் கறுப்பதில்லை. இலை தழையைத் தள்ளிவிட்டால் போதும். அதன் விலை அதிகம், வெட்டுவதும் வளைப்பதும் சால்டர் வைப்பதும் கடினம். புதிதாகப் பாதை போடுபவர் இதைக் கணக்கில் கொள்ளலாம். ஏற்கெனவே பித்தளைப் பாதை போட்டவர் அதைப் பிடுங்கி எவர்சில்வர் போடுவதைவிட, பேட்டரிக்கு மாறுவது பெரும்பாலும் மலிவாக முடியும்.

டிஜிட்டல் கட்டுப்பாடான டி.சி.சி. முறையில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு இடைவழி உண்டு. தண்டவாளம் வழியே வரும் கட்டளைகளைப் படித்து எஞ்சினை இயக்கும் டீகோடரோடு சேர்த்து மின்தேக்கித் தொகுதி ஒன்றை எஞ்சினில் பொருத்தினால், அழுக்கான இடத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலும் சில விநாடிகள் எஞ்சின் தடையின்றி ஓடும். வண்டி நிற்பது ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் என்றால், குறிப்பாகக் குட்டை எஞ்சின் பாதைமாற்றியின் மேல் நிற்கிறது என்றால், இதுவே போதுமான தீர்வு. பேட்டரிக்குப் போவதற்கு முன் இதை முயன்று பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

தண்டவாள மின்சாரத்தின் நன்மைகளை, பேட்டரிக்காரர்கள் பலர் இழந்த பிறகே உணர்கிறார்கள். பயணிகள் பெட்டிகளின் விளக்குகள் தண்டவாளத்திலிருந்தே எரிகின்றன. பாதை உயிரற்றுப் போனால் அந்த விளக்குகளும் அணைந்துபோகும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பேட்டரி வைக்க வேண்டிவரும். நிலையத்தில் வண்டி தானாக நின்று புறப்படும்படி மின்சாரம் துண்டிக்கப்பட்ட பகுதிகளை அமைத்திருப்பவர்களுக்கு அந்த ஏற்பாடும் பயனற்றுப் போகும். காலை முதல் மாலை வரை ஓய்வில்லாமல் வண்டி சுற்ற வேண்டிய காட்சிப் பாதைகளுக்கு, அதிலும் கூரைக்குக் கீழே உள்ளவற்றுக்கு, தண்டவாள மின்சாரத்தை மிஞ்சியது எதுவும் இல்லை.

## இரண்டாவது வழி: பேட்டரி வண்டி ஒன்றைப் பின்னால் இணைப்பது

எஞ்சினுக்குப் பின்னால் நிரந்தரமாக ஓடும் ஒரு சரக்குப் பெட்டிக்குள் பேட்டரியையும் ரிசீவரையும் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றையும் வைத்துவிட்டு, எஞ்சினுக்கு இரண்டு வயர்களை மட்டும் கொண்டுபோவது இந்த முறை. இதை அழகுக் குறைவு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு இது மிகவும் மதிப்புக் குறைத்துப் பேசப்படும் வழியாகத் தோன்றுகிறது. செலவு எஞ்சின்களின் எண்ணிக்கையோடு வளரும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த விதியை உடைக்கும் வழி இது ஒன்றுதான்: ஒரே பேட்டரி வண்டி, எஞ்சின்கள் ஐந்து என்றாலும் மாற்றி மாற்றி இணைத்துக்கொள்ளலாம்.

எல்.ஜி.பி.யின் மிகப் பழைய எஞ்சினான ஸ்டைன்ஸ் போன்ற இரண்டச்சுக் குட்டி எஞ்சின்களுக்கு வேறு நல்ல வழியும் இல்லை. அதன் உடலுக்குள் எடைக் கட்டியும் வயரும் போக எஞ்சிய இடத்தில் ஒரு பயனுள்ள பேட்டரித் தொகுதி அடங்காது. ஓட்டுநர் அறையில் வைத்தால் சன்னல் வழியே பேட்டரி தெரியும். ஆனால் அதே எஞ்சினின் பின்புறத்தில், விளக்கு வைத்த பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுப்பதற்கான தட்டையான சாக்கெட் ஒன்று இருக்கிறது. அது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தொடர்போடு இணையாக இணைக்கப்பட்டது. ஆதலால் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். பேட்டரி வண்டியிலிருந்து வரும் வயரை அந்தச் சாக்கெட்டில் செருகினால், எஞ்சினைத் திறக்காமலே அது ஓடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அப்படிச் செருகும்போது எஞ்சினின் சக்கரங்களும், தண்டவாளத்தை உரசி மின்சாரம் எடுக்கும் உரசுதகடுகளும் இன்னும் மோட்டாரோடு தொடர்பில் இருப்பதால், பேட்டரியின் மின்சாரம் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கும். உங்கள் பாதை முழுவதும் மின்வழங்கி துண்டிக்கப்பட்டிருந்தாலும், தலைகீழ் வளையம் (வண்டியைத் திருப்பி வந்த பாதையிலேயே சேர்க்கும் வளையம்) ஒன்று இருந்தால் ஷார்ட் ஆகக்கூடும். நண்பருடைய மின்சாரம் பாயும் பாதையில் வைத்தால் ரிசீவர் கருகும். ஓட்டிப் பார்க்க மட்டுமே இந்தக் குறுக்கு வழி. நிரந்தரமாக வைப்பதென்றால் சக்கரத் தொடர்பைத் துண்டித்தே ஆக வேண்டும்.

குறைகள் வெளிப்படையானவை. எஞ்சினைத் தனியாக ஓட்டி வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் விளையாட்டுக்கு இது இடைஞ்சல். இணைப்பு வயர் வளைவில் இழுபடாதபடி நீளமாகவும், தண்டவாளத்தில் உரசாதபடி குட்டையாகவும் இருக்க வேண்டும். பேட்டரியின் எடை இழுவிசைக்கு உதவாமல் இழுக்க வேண்டிய சுமையாகச் சேரும். விளக்கும் ஒலியும் எஞ்சினுக்கு எஞ்சின் தனியாக இயங்காது.

## மூன்றாவது வழி: எஞ்சினுக்குள் அல்லது டெண்டருக்குள் பேட்டரி

முழுமையான மாற்றம் என்றால் இதுதான். இதில் எளிதானவை மூன்று: நீண்ட உடல் கொண்ட டீசல் எஞ்சின்கள், பெரிய டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிய பின்வண்டி) இழுக்கும் நீராவி எஞ்சின்கள், பெட்டிபோன்ற உடல் கொண்ட மின்சார எஞ்சின்கள். டெண்டர் உள்ள எஞ்சினில் நிலக்கரிக் குவியலைக் கழற்றினால் கீழே கிடைக்கும் வெற்றிடம் பேட்டரிக்கென்றே விட்டுவைத்ததுபோல் இருக்கும். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே ஏற்கெனவே வயர்கள் போவதால் கூடுதலாக இரண்டு வயர் யார் கண்ணையும் உறுத்தாது.

வேலையின் மையம் ஒரே ஒரு செயல்: மோட்டாரைச் சக்கரங்களிடமிருந்து மின்வழியில் பிரிப்பது. டிஜிட்டலுக்கு ஏற்றபடி செய்யப்பட்ட எல்.ஜி.பி. மோட்டார்ப் பெட்டிகளிலிருந்து நான்கு வயர்கள் வெளியே வரும். பழுப்பும் வெள்ளையும் தண்டவாளத்திலிருந்து வருபவை. பச்சையும் மஞ்சளும் மோட்டாருக்குப் போகிறவை. பழுப்பையும் வெள்ளையையும் பிரித்து, முனைகளைக் காப்பிட்டுக் கட்டிவைத்துவிட்டுப் பச்சையையும் மஞ்சளையும் ரிசீவரின் மோட்டார் முனைகளில் இணைத்தால் முடிந்தது. பழைய பெட்டிகளில் இந்தப் பிரிப்பு கிடையாது. மோட்டாரும் தொடர்புகளும் உள்ளேயே சேர்ந்திருக்கும். அவற்றுக்கு அடிமூடியைத் திறந்து, சக்கரங்களை வெளியே எடுத்து, சக்கரத்தின் பின்புறத்தை உரசும் கரித் தொடர்புகளையும் தண்டவாளத்தை உரசும் தகடுகளையும் கழற்ற வேண்டும். அந்தக் கரித் துண்டுகளுக்குப் பின்னால் மெல்லிய சுருள்வில்கள் இருக்கின்றன. சக்கரத்தைத் தூக்கிய நொடியில் அவை தெறித்துக் காணாமல் போகும் என்பதால், ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். கழற்றிய உறுப்புகளை ஒரு சிறு உறையில் போட்டு எஞ்சினின் பெட்டியிலேயே வையுங்கள். பின்னாளில் எஞ்சினை விற்க நேர்ந்தால், பழைய நிலைக்கு மாற்ற முடியும் என்பதே அதன் விலையைக் காப்பாற்றும். உரசுதகடுகள் போனதும் எஞ்சின் முன்பைவிட எளிதாக உருள்வதையும் உணர்வீர்கள்.

பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் நீளமான வயர் இருந்தால் அந்த நீளத்துக்குப் பாதுகாப்பே இல்லை. அடுத்து, சார்ஜ் ஏற்றும் நிலையையும் ஓடும் நிலையையும் பிரிக்கும் சுவிட்ச். சார்ஜர் இணைந்திருக்கும்போது ரிசீவருக்கு மின்சாரம் போகாதபடி அது அமைய வேண்டும். சார்ஜர் சாக்கெட்டை எஞ்சினைத் தலைகீழாகப் புரட்டாமல் எட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். 4 கிலோ எடையுள்ள எஞ்சினை ஒவ்வொரு முறையும் புரட்டினால் கைப்பிடிகளும் படிகளும் ஒவ்வொன்றாக உடையும். மோட்டார் முனைகளில் ரேடியோ இரைச்சலைக் குறைக்க வைத்த மின்தேக்கிகள் சில எஞ்சின்களில் உண்டு. அதிர்வெண் கூடிய துடிப்புகளால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரிசீவர்கள் அவற்றால் சூடாகக்கூடும் என்பதால், ரிசீவரின் கையேட்டைப் படித்துவிட்டு அவற்றை நீக்குங்கள்.

மறைவான செலவுகளில் முதன்மையானது புகை. விசிறி வைத்த புகைக் கருவி தனியாகவே ஓர் ஆம்பியர் அளவுக்கு எடுக்கக்கூடும். சிறிய எஞ்சினில் அது மோட்டாரைவிடப் பெரிய சுமை. பேட்டரி எஞ்சினில் புகையைத் துறந்துவிடுவதே அறிவுடைமை. ஒலிச் சுற்றுக்கு நிலைமை நேர்மாறு: எப்போதும் நிலையான மின்னழுத்தம் கிடைப்பதால், நிலையத்தில் நிற்கும்போதும் எஞ்சினின் மூச்சுச் சத்தம் தடைபடாமல் ஒலிக்கும். சாதாரணத் தண்டவாள நேர்மின்சாரத்தில், வண்டி நின்றால் ஒலிச் சுற்றுக்குத் தனிப் பேட்டரி வேண்டும்.

டி.சி.சி.யோடு ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அதிலும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் டீகோடர் வாங்க வேண்டும். ஆக டி.சி.சி.க்கும் பேட்டரிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, எஞ்சினுக்கு ஒரு பேட்டரித் தொகுதியும் பொதுவாக ஒரு சார்ஜரும்தான். சாதாரண நேர்மின்சாரத்தில் ஓட்டுபவருக்கே இந்தப் பாய்ச்சல் பெரியதாகத் தெரியும்.

## இரண்டுக்கும் இடம் வைப்பது

ஒரு சுவிட்சைத் தள்ளினால் தண்டவாளம், மறுபக்கம் தள்ளினால் பேட்டரி என்று அமைப்பதும் உண்டு. பிறர் பாதைகளுக்கு எஞ்சினை அடிக்கடி கொண்டுபோகிறவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். இரண்டு மின்சாரமும் எந்த நிலையிலும் சந்திக்காதபடி இருமுனை சுவிட்ச் போட வேண்டும், வயர்கள் இரட்டிக்கும், உரசுதகடுகளும் அப்படியே இருக்கும்.

| அளவுகோல் | தண்டவாள மின்சாரம் | பேட்டரி வண்டி | எஞ்சினுக்குள் பேட்டரி |
|---|---|---|---|
| செலவு வளர்வது | பாதை நீளத்தோடு | வண்டிகளின் எண்ணிக்கையோடு | எஞ்சின்களின் எண்ணிக்கையோடு |
| ஓடும் நேரம் | வரம்பில்லை | நீண்டது. பெரிய பேட்டரி வைக்கலாம் | உள்ளிடத்தைப் பொறுத்தது |
| தண்டவாளத்தைத் துடைத்தல் | அடிக்கடி | குப்பையைத் தள்ளினால் போதும் | குப்பையைத் தள்ளினால் போதும் |
| தலைகீழ் வளையம் | தனி மின்னமைப்பு தேவை | தடையில்லை, சக்கரத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தால் | தடையில்லை |
| எஞ்சினைப் பிரிக்கும் வேலை | இல்லை | குறைவு | அதிகம் |
| பெட்டி விளக்குகள் | தண்டவாளத்திலிருந்தே எரியும் | தனி ஏற்பாடு வேண்டும் | தனி ஏற்பாடு வேண்டும் |
| நீராவி எஞ்சின்களோடு பகிர்வது | பெரும்பாலும் இயலாது | இயலும் | இயலும் |
| மறைவான செலவு | நேரம், இணைப்பு இறுக்கிகள் | இணைப்பு வயர், இழுக்கும் சுமை | பேட்டரி மாற்றம், விற்பனை மதிப்பு |

## எந்தப் பேட்டரி?

பேட்டரி என்று முடிவான பிறகு, முதலில் தீர்மானிக்க வேண்டியது மின்னழுத்தம். மெதுவாக ஓடும் மலைப்பாதை எஞ்சின்களுக்கு 14 முதல் 16 வோல்ட் போதும். 1:29 விகிதத்துப் பெரிய டீசல்களைப் பயணிகள் வண்டியின் வேகத்தில் ஓட்ட 18 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். கீழே உள்ளவை 12 முதல் 16 வோல்ட் வரையிலான தொகுதிகள், எடைகள் தோராயமானவை.

| வகை | செல்கள் | மின்னழுத்தம் | கொள்ளளவு | ஆற்றல் | எடை |
|---|---|---|---|---|---|
| நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (சப்-சி) | 12 | 14.4 வோல்ட் | 3,000 மி.ஆ.மணி | 43 வாட்-மணி | 700 கிராம் |
| லித்தியம் அயான் (18650) | 4 | 14.8 வோல்ட் | 3,000 மி.ஆ.மணி | 44 வாட்-மணி | 190 கிராம் |
| லித்தியம் இரும்பு பாஸ்பேட் (26650) | 5 | 16 வோல்ட் | 3,000 மி.ஆ.மணி | 48 வாட்-மணி | 425 கிராம் |
| மூடிய ஈய அமிலம் | ஒரே தொகுதி | 12 வோல்ட் | 7,000 மி.ஆ.மணி | 84 வாட்-மணி | 2 கிலோவுக்கு மேல் |

ஈய அமிலப் பேட்டரியைப் பின்வண்டியில் மட்டுமே நினைக்க முடியும். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் காலியான நிலையில் சில வாரங்கள் விட்டுவைத்தால் மீளாது. 12 வோல்ட்டில் பெரிய எஞ்சின்கள் சோர்ந்து ஓடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பழைய நம்பிக்கையான வழி. தீப்பற்றும் அபாயம் குறைவு. சில தவறுகளையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பன்னிரண்டு செல்களில் ஒன்று மற்றவற்றைவிட முன்னதாகக் காலியானால், மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி அதன் துருவத்தையே மாற்றிக் கெடுத்துவிடும். வண்டி மெதுவாகத் தொடங்கியதும் நிறுத்திவிடும் பழக்கம் வேண்டும். சாதாரணச் செல்கள் அலமாரியில் இருந்தபடியே சார்ஜ் இழக்கின்றன. 2005-இல் சான்யோ எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்ததுபோன்ற குறைந்த இழப்புச் செல்கள், மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுபவருக்குப் பெரிய வசதி.

லித்தியம் அயான் 18650 செல்லின் விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. அதே ஆற்றலை நிக்கலின் கால்பங்குக்குச் சற்று அதிகமான எடையில் தருவதால், குறுகிய எஞ்சின்களுக்கு இதுவே பல வேளைகளில் ஒரே வழி. அதற்கு நாம் கொடுக்கும் விலை, ஒழுங்காகக் கையாளும் கட்டுப்பாடு. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, ஏறக்குறைய 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இதைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். சுற்று இல்லாத தொகுதியை எஞ்சினுக்குள் வைக்கவே கூடாது. அந்தச் சுற்றின் ஆம்பியர் வரம்பு, நீங்கள் அளந்த உச்ச மின்னோட்டத்தைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் மேட்டில் எஞ்சின் திணறும்போதே சுற்று மின்சாரத்தை வெட்டிவிடும். பெரும்பாலான 18650 செல்களை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் செய்யலாம். வெயிலில் ஓடி வந்த கறுப்பு உடல் எஞ்சினை உடனே சார்ஜரில் மாட்டாமல், நிழலில் ஆறவிட்டு, கண்ணெதிரே வைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். பருவம் முடிந்து எடுத்துவைக்கும்போது பாதி சார்ஜில் வையுங்கள்.

இணையத்தில் மலிவாக விற்கப்படும் செல்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 செல் பொய்யானது. நல்ல நிறுவனங்களின் செல்களே பெரும்பாலும் 3,600-க்குள் நிற்கின்றன. செல்லை எடை போட்டுப் பாருங்கள்: உண்மையான செல் 45 கிராம் அளவில் இருக்கும், 30 கிராமில் நிற்பதை எஞ்சினுக்குள் விடாதீர்கள். அஞ்சலில் வரவழைப்பதும் முன்பைவிடக் கடினமாகிவிட்டது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே வெளிநாட்டுக் கடையில் எஞ்சினுக்கான ரிசீவரை வாங்கினாலும், பேட்டரித் தொகுதியை உங்கள் நாட்டிலேயே தேடுவது நல்லது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் எனக்கு மிகவும் பிடித்தமானது. சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுற்றுகளை லித்தியம் அயானைவிடப் பல மடங்கு தாங்கும், வெப்பத்தில் அதைவிட நிதானமானது, ஓட்டம் முழுவதும் மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால் வண்டியின் வேகமும் மாறாது. இடமும் எடையும் கூடுதல் என்பது டீசல் எஞ்சினிலும் டெண்டரிலும் பொருட்டல்ல; சக்கரங்களின் மேல் எடை சேர்ந்தால் இழுவிசை கூடத்தான் செய்யும். இதற்கு முழு சார்ஜ் செல்லுக்கு 3.65 வோல்ட். லித்தியம் அயான் சார்ஜரை இதற்கு மாட்டவே கூடாது. வீட்டில் இரு வகையும் இருந்தால் சார்ஜர் முனைகளை வெவ்வேறு வடிவில் போட்டுவிடுங்கள்.

## ரேடியோக் கட்டுப்பாடு

இதில் அதிகம் குழம்பத் தேவையில்லை. ஒலியும் விளக்கும் டி.சி.சி. டீகோடரின் நுணுக்கத்தோடு வேண்டும் என்பவர்களுக்கு, டீகோடருக்கே ரேடியோ வழியாகக் கட்டளை அனுப்பும் அமைப்புகள் உள்ளன, சி.வி.பி. நிறுவனத்தின் ஏர்வயர் அவற்றில் நன்கு அறியப்பட்டது. முன்னும் பின்னும் வேகமும் போதும் என்பவர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் சிறு ரிசீவர்கள் போதும், விலையும் குறைவு. அமெரிக்காவில் உரிமமின்றிப் பயன்படும் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் அலைவரிசைகள் எல்லா நாட்டிலும் திறந்தவை அல்ல. ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே அனுமதி. வெளிநாட்டிலிருந்து வாங்கும் முன் இதைச் சரிபாருங்கள். ஆண்டெனாவை உலோக உடலுக்குள் அடைக்காமல், பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் மோட்டாரிலிருந்து தள்ளி வையுங்கள். சமிக்ஞை அறுந்தால் வண்டி நின்றுவிட வேண்டுமா, ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா என்பதைப் பல ரிசீவர்களில் நாமே அமைக்கலாம். புதருக்குப் பின்னால் வளைந்து மறையும் பாதையில் ஓடவிடுவதும், குழந்தைகள் சூழ்ந்த பாதையில் நிறுத்துவதும் பொருத்தம்.

## எந்த எஞ்சினை முதலில் மாற்றுவது?

சேகரிப்பு மதிப்புள்ள எஞ்சினைத் தொடாதீர்கள். டெண்டர் உள்ள எஞ்சின் ஒன்றோ நீண்ட டீசல் ஒன்றோ கையில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். குட்டி எஞ்சின்கள் மட்டுமே உள்ளவர் ஒரு சரக்குப் பெட்டியைப் பேட்டரி வண்டியாக மாற்றி, ஒரு பருவம் முழுக்க அதை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். அந்தப் பருவத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், எங்கே நிற்கிறது, எந்த எஞ்சினை அதிகம் எடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகும் உள்ளே பேட்டரி வேண்டும் என்று தோன்றினால், வண்டியிலிருக்கும் ரிசீவரையும் பேட்டரியையும் அப்படியே அந்த எஞ்சினுக்கு இடம் மாற்றிக்கொள்ளலாம். வாங்கியது எதுவும் வீணாகாது. எல்லா எஞ்சின்களும் மாறும்வரை தண்டவாள மின்வழங்கியைக் கழற்ற வேண்டியதும் இல்லை. மாற்றிய எஞ்சின்களின் சக்கரத் தொடர்பு முழுமையாகத் துண்டிக்கப்பட்டிருந்தால், மின்சாரம் பாயும் அதே தண்டவாளத்தில் அவையும் பழைய எஞ்சின்களும் ஒன்றின்பின் ஒன்றாக ஓடலாம்.